பஞ்சர் கடையும் தினைப்புனமும்

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமையின் கடைசிப் பாடவேளையில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையின் நடுவே குத்துக்காலிட்டு அமர்ந்து, அங்கே இல்லாத ஒரு சைக்கிள் டியூபை, அங்கே இல்லாத ஒரு தண்ணீர்ச் சட்டிக்குள் சாண் சாணாக முக்கித் திருப்பிக்கொண்டிருந்தான். எந்தப் பொருளையும் கையில் எடுக்கக் கூடாது, பேசியே ஆக வேண்டுமென்றால் எவருக்கும் பொருள் விளங்காத ஓசைகளால் மட்டுமே பேச வேண்டும் என்பது விளையாட்டின் விதி. டியூபைத் திருப்பிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் கையை நிறுத்தினான். முகத்தைத் தண்ணீருக்கு அருகில் கொண்டுபோனான். நீர்ப்பரப்பில் மிதந்த எதையோ புறங்கையால் ஒதுக்கிவிட்டு மறுபடியும் பார்த்தான். முன்வரிசையில் இருந்த மாணவி தன்னை மறந்து, "அதோ, குமிழி!" என்று கத்தினாள். அவன் நிமிரவில்லை. ஓட்டையின்மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு, மறு கையால் டியூபைத் துடைத்தான், உப்புத்தாளால் தேய்த்தான், சொல்யூஷன் தடவி, அது காய்வதற்காக மெல்ல ஊதினான். வாடிக்கையாளராக வந்த மாணவன் புரியாத மொழியில் அவசரப்படுத்தியபோது, இவனும் அதே மொழியில் இரண்டே சொல் சொன்னான். 'காயணும்ல' என்று அவன் சொன்னது வகுப்பில் இருந்த அனைவருக்கும் விளங்கியது.

நான் மதுரைக்கு வடக்கே ஒரு சிற்றூரின் அரசுப் பள்ளியில் தமிழாசிரியனாகப் பணியாற்றுகிறேன். அந்த மாணவன் ஆறாம் வகுப்பிலிருந்தே என்னிடம் படிப்பவன். கட்டுரை எழுதச் சொன்னால் கைடில் இருப்பதை வரி பிசகாமல் எழுதித் தருவான். உன் சொந்த அனுபவம் ஒன்றை எழுது என்றால், பெயரும் தேதியும் மட்டும் எழுதிய தாளைத் தருவான். கற்பனை வளம் இல்லாத பிள்ளை என்று ஆசிரியர்கள் பேசிக்கொள்வோம். அவனுடைய தந்தை கடைவீதியில் பஞ்சர் கடை வைத்திருப்பது எனக்குத் தெரியும். அந்தக் கடையை அவன் இவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறான் என்பது அன்றுவரை தெரியாது. நீரில் மிதந்த தூசியை ஒதுக்கினானே, அந்த ஓர் அசைவை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அதை எந்தக் கைடிலும் படித்திருக்க முடியாது. கற்பனை அவனிடம் முழுமையாக இருந்தது. அதை வெளியே எடுத்தால் யாராவது மதிப்பெண் போட்டுவிடுவார்கள் என்ற அச்சம் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கையில் இல்லாத டியூபை எல்லோருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டிருப்பது என்ற ஒரே வேலையில் மனம் முழுவதும் ஈடுபட்டதும், அச்சத்துக்கு அங்கே இடம் இல்லாமல் போயிற்று.

எழுதி வைத்த வசனம் இல்லாமல் அந்த நொடியிலேயே நடித்துப் புனைவதை நாடகக்காரர்கள் இம்ப்ரொவைசேஷன் என்றே சொல்கிறார்கள். சங்கீதக்காரர்கள் தங்கள் கலையில் இதற்கு ஈடானதை மனோதர்மம் என்பார்கள். வகுப்பறையில் நான் பயன்படுத்தும் இந்த விளையாட்டுகளுக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. சிகாகோ நகரத்தில், ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் 1889-ல் தொடங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லம், ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறிய ஏழைக் குடும்பங்களுக்கு நடுவே இயங்கியது. அங்கே நீவா பாய்ட் என்ற ஆசிரியை, குழந்தைகள் கூடி ஆடும் மரபு விளையாட்டுகளையே பாடமாக வைத்துச் சமூகப் பணியாளர்களைப் பயிற்றுவித்து வந்தார். 1920-களின் நடுவில் அவரிடம் பயின்ற இளம்பெண்தான் வயோலா ஸ்போலின். 1930-களின் இறுதியில், பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்களுக்காக அமெரிக்க அரசு நடத்திய பணித் திட்டத்தின்கீழ் சிகாகோவில் நாடகப் பயிற்சிக்குப் பொறுப்பேற்றபோது, அவர் முன்னால் இருந்தவர்கள் பல தாய்மொழிகளையும் பல பழக்கவழக்கங்களையும் கொண்ட சிறுவர்களும் பெரியவர்களும். நடிப்பைப் பற்றி அவர்களுக்கு விரிவுரை நிகழ்த்திப் பயனில்லை. ஆகவே, நாடகத்தின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் அவர் ஒரு விளையாட்டாக மாற்றினார். மேடையில் எங்கே நிற்கிறோம் என்பதை உணர்த்த ஒன்று, இல்லாத பொருளுக்கு எடையும் வடிவமும் கொடுக்க ஒன்று, சொல்லின் துணையில்லாமல் கருத்தைச் சேர்ப்பிக்க ஒன்று. புரியாத மொழி விளையாட்டு அவற்றுள் புகழ்பெற்றது. 1963-ல் அவர் இவற்றையெல்லாம் தொகுத்து நூலாக வெளியிட்டார். அவருடைய மகன் பால் சில்ஸ் இந்த விளையாட்டுகளைத் தொழில்முறை மேடைக்குக் கொண்டுசென்று, 1959-ல் சிகாகோவில் செகண்ட் சிட்டி என்ற அரங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார்.

ஸ்போலினிடம் நான் கற்றவற்றுள் பெரிதாக நினைப்பது, விளையாட்டு முடிந்த பிறகு கேட்கப்படும் கேள்வியைத்தான். பாராட்டுக்கும் கண்டனத்துக்கும் ஏங்கியும் அஞ்சியும் வாழப் பழகிய மனிதன் தன் சொந்த அனுபவத்தையே நம்புவதில்லை என்பது அவருடைய அடிப்படை எண்ணம். ஆகவே அவருடைய முறையில், நடித்து முடித்தவர்களைப் பார்த்து நன்றாக நடித்தாய், சுமாராக நடித்தாய் என்று ஆசிரியர் சொல்வதில்லை. கொடுத்த வேலை நடந்ததா, காட்டினார்களா அல்லது வெறுமனே சொன்னார்களா என்று பார்த்தவர்களிடம் கேட்க வேண்டும். இது சிறிய மாற்றம்போலத் தோன்றும். இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு விடைத்தாளின் மேல்மூலையிலும் சிவப்பு மையில் எண் எழுதிப் பழகிய எனக்கு இது மிகக் கடினமாக இருந்தது. முதல் சில வாரங்கள் "அருமை" என்ற சொல் என் வாயிலிருந்து தானாகவே வந்தது; வந்த ஒவ்வொரு முறையும், அடுத்து ஆட வேண்டிய மாணவன் முந்தியவன் செய்ததையே திருப்பிச் செய்தான். பாராட்டு கிடைத்த வழியிலேயே நடப்பதுதான் பத்திரம் என்று பிள்ளைகள் உடனே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். இப்போது நான் கேட்பது, "குமிழி தெரிந்ததா? சட்டி எவ்வளவு ஆழம்?" என்பது போன்ற கேள்விகளை மட்டுமே. சட்டியின் ஆழத்தைப் பற்றி அன்று வகுப்பில் இரண்டு கட்சிகள் உண்டாயின. அந்த வாதம் மணி அடித்த பிறகும் நீடித்தது.

இந்த விளையாட்டுகளுக்குள் நான் வந்தது மாணவர்களுக்காக அன்று, எனக்காகத்தான். கல்லூரி நாட்களில் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். சில சிற்றிதழ்களில் வெளியாயின. ஒரு கூட்டத்தில், நான் மதித்த மூத்தவர் ஒருவர் என் வரிகளை எடுத்துப் படித்து, அவை யார் யாரிடமிருந்து வந்தவை என்று ஒவ்வொன்றாக அடையாளம் காட்டினார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வரியை எழுதுவதற்கு முன்பே அந்தக் குரல் எனக்குள் பேசத் தொடங்கிவிட்டது. வரி பிறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும். பதினான்கு ஆண்டுகள் அலுவல் கடிதங்களையும் வினாத்தாள்களையும் தவிர நான் எதையும் எழுதவில்லை. ஆசிரியர்களுக்காக நடந்த மூன்று நாள் நாடகப் பட்டறை ஒன்றுக்கு, எங்கள் பள்ளியின் சார்பில் வேறு எவரும் போக முன்வராததால் நான் சென்றேன்.

இரண்டாம் நாள், வட்டமாக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு சொல்லாகக் கதை சொல்லச் சொன்னார்கள். இந்த விளையாட்டைப் பரவலாக்கியவர்களுள் முதன்மையானவர் கீத் ஜான்ஸ்டன். 1933-ல் இங்கிலாந்தின் டெவன் கரையோர ஊர் ஒன்றில் பிறந்து, லண்டனின் பாட்டர்சீ பகுதியில் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு ராயல் கோர்ட் அரங்கத்தில் நாடகப் பிரதிகளைப் படிப்பவராகச் சேர்ந்து, அங்கேயே பயிற்சியாளராக வளர்ந்தவர். பின்னாளில் கனடாவின் கால்கரி நகரத்தில் குடியேறி, 2023-ல் அங்கே மறைந்தார். அவருடைய குழு இங்கிலாந்தில் ஆடிய காலத்தில், மேடையில் பேசப்படும் ஒவ்வொரு வசனத்துக்கும் அரண்மனை அதிகாரியிடம் முன் அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் இருந்தது. 1968-ல்தான் அது நீங்கியது. எழுதப்படாத வசனத்துக்கு எப்படி அனுமதி வாங்குவது? பயிற்சி வகுப்பு, விளக்க நிகழ்ச்சி என்ற பெயரில்தான் அவர்கள் மக்கள் முன் ஆடினார்கள். ஜான்ஸ்டன் தம் மாணவர்களுக்குச் சொன்ன அறிவுரை, பள்ளியில் நாம் சொல்வதற்கு நேர் எதிரானது: புத்திசாலித்தனமாக எதையும் செய்ய முயல வேண்டாம், முதலில் தோன்றுவதையே சொல்லுங்கள். ஒருவருக்கு வெகு சாதாரணமாகத் தோன்றுவது மற்றவருக்குத் தோன்றாது என்பதால், தனித்தன்மை அங்கேதான் இருக்கிறது என்பது அவருடைய வாதம்.

ஆளுக்கு ஒரு சொல் என்ற விளையாட்டைத் தமிழில் ஆடும்போது ஒன்று நிகழ்கிறது. தமிழில் வினைமுற்று இறுதியில் வருவதால், வட்டத்தில் இருக்கும் ஒருவருக்கும் கடைசிச் சொல் வரும்வரை என்ன நடக்கிறது என்றே தெரியாது. அன்று ஒருவர் "கிழவி" என்றார். அடுத்தவர் "கிணற்றடியில்" என்றார். அதற்கடுத்தவர் "வைத்த" என்றார். "குடத்தை" என்று என் இடப்பக்கத்தில் இருந்த கணித ஆசிரியை சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த 'ஐ' உருபு என் மடியில் வந்து விழுந்தது. குடத்தை யாரோ ஏதோ செய்தாக வேண்டும். எடுக்கலாம், உடைக்கலாம், மறக்கலாம், விற்கலாம். எனக்குள் இருந்த பழைய குரல் இவற்றை எடைபோடத் தொடங்கியது. ஆனால் பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள்; வட்டம் நிற்கக் கூடாது என்பது விதி. "நிலவு" என்று சொன்னேன். அது வினையே அன்று. வாக்கியம் என் பக்கத்தில் இருந்தவரிடம் போயிற்று; அவர் ஒரு நொடி விழித்துவிட்டு, "குடித்தது" என்றார்.

கிழவி கிணற்றடியில் வைத்த குடத்தை நிலவு குடித்தது. இந்த வாக்கியத்தை யாரும் எழுதவில்லை. நான் கொடுத்த சொல் இதில் ஒன்றுதான். அதை நல்லது கெட்டது என்று சொல்ல எவராலும் முடியாது, ஏனென்றால் அதற்குப் பொருள் கொடுத்தவர் எனக்கு அடுத்திருந்தவர். பதினான்கு ஆண்டுகளாக ஒரு வரி முழுவதற்கும் நானே பொறுப்பு, அதன் பெருமையும் சிறுமையும் என்னுடையவை என்று சுமந்துகொண்டிருந்தேன். அந்தச் சுமை அன்று இறங்கிற்று. இரவு விடுதி அறையில் ஒரு பக்கம் எழுதினேன். அது நல்ல எழுத்தா என்று இன்றும் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இவ்வளவு கடன்பட்டிருந்தும், ஜான்ஸ்டன் வழி வந்த பலர் சொல்லும் ஒன்றை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளிக்கூடம் குழந்தையின் படைப்பாற்றலைக் கொல்கிறது, மனப்பாடம்தான் கொலைக்கருவி என்பது அவர்கள் பேச்சு. நம் ஊரிலும் இதை மேடைதோறும் கேட்கிறோம். இதை மறுக்க எனக்குத் துணை நிற்பது, நான் சிறுவயது முதல் பங்குனி, சித்திரை மாதங்களில் கோயில் திடல்களில் விடிய விடியப் பார்த்து வளர்ந்த ஸ்பெஷல் நாடகம்.

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பகுதிகளில் வாழும் இந்த நாடக முறையில் குழு என்று ஒன்று கிடையாது. நாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும் வருவார்கள். பபூனும் டான்ஸ்காரப் பெண்ணும் ஆர்மோனியக்காரரும் தனித்தனியே அந்த ஓர் இரவுக்காக மட்டும் பேசி அழைக்கப்படுவார்கள். அதனால்தான் அது ஸ்பெஷல். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. பவுடர் பூசும் இடத்தில்தான் பல நேரங்களில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இரவு பத்து மணியளவில் தொடங்கி, விடியும்போது வள்ளிக்கும் முருகனுக்கும் திருமணம் முடித்து வைப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த கதையும் பாடல்களும் அனைவருக்கும் நெஞ்சில் இருக்கும். அந்த ஓட்டத்துக்கு இடையே, தினைப்புனத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம் மட்டும் ஒவ்வோர் இரவும் புதிது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து ஊர்த் திருவிழாவில் ஒரு தர்க்கத்தைக் கேட்டேன். நாரதராக வந்தவர் மூத்த நடிகர். வள்ளியாக வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. ஆண்டவன் முன் அனைவரும் சமம் என்றால், இந்தத் தினையைத் தின்ன வரும் கிளிக்கு மட்டும் ஏன் கவண்கல் என்று அவர் கேட்டார். அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. ஆர்மோனியக்காரர் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, சுருதியை விடாமல் ஒரு சிறிய இழைப்பை வாசித்து நேரம் கொடுத்தார். மேடைக்குக் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த கிழவிகள் முன்னால் சாய்ந்தார்கள். பிறகு அவள் ஆலோலம் பாடத் தொடங்கினாள். கிளியை விரட்டப் பாடும் அந்தப் பழைய பாட்டை, நாரதரைப் பார்த்து, தினைக்கு வந்திருப்பது எந்தக் கிளி என்று கேட்பதுபோல அவரைச் சுற்றி வந்து பாடினாள். திடலில் எழுந்த சிரிப்பும் கைதட்டலும் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நாரதரே கைகூப்பினார்.

அவள் பாடியது மனப்பாடம் செய்த பாடல். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அதை எங்கே, யாரை நோக்கி, எந்தக் கேள்விக்கு விடையாக வைத்தாள் என்பதில்தான் அவளுடைய புனைவு இருந்தது. நூறு பாடல்கள் நெஞ்சில் இல்லாத ஒருத்தியால் அந்த நொடியில் அதைச் செய்திருக்க முடியாது. கர்நாடக சங்கீதத்திலும் சரளி வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று ஆண்டுக்கணக்கில் பாடாந்தரம் செய்த பிறகே, ஸ்வரங்களை அப்போதைக்கப்போது புனைந்து பாடும் கல்பனாஸ்வரத்துக்கு வருகிறார்கள். ஈற்றடி கொடுத்த உடனே வெண்பா பாடிய ஆசுகவிகள் யாப்பை நாவிலேயே வைத்திருந்தவர்கள். ஆகவே மனப்பாடத்தின்மேல் பழி போடுவதை நான் நிறுத்திவிட்டேன். திருக்குறளை ஒப்பிக்கச் சொல்கிறேன். முன்னைவிட அதிகமாகவே சொல்கிறேன். ஒப்பித்த குறளை, பஞ்சர் கடைக்காரர் சொல்வதுபோல, கடன்காரரிடம் அகப்பட்டவர் சொல்வதுபோல, பேருந்தில் இருக்கை பிடித்தவர் சொல்வதுபோலச் சொல்லிப் பார்க்கவும் வைக்கிறேன். சொற்கள் அவையே, பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் குறளுக்குள் புதிதாக எதையோ கண்டுபிடிக்கிறார்கள்.

2008-ல் சார்லஸ் லிம்ப், ஆலன் பிரவுன் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. ஜாஸ் பியானோ கலைஞர்கள் ஆறு பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, பாடம் செய்த இசையையும் அப்போதே புனையும் இசையையும் வாசிக்கச் சொன்னார்கள். புனைந்து வாசித்தபோது, தன்னைத்தானே கண்காணித்துத் திருத்தும் செயலோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதிகளின் இயக்கம் தணிந்திருந்தது. ஆறு பேரை வைத்துப் பெரிய முடிவு எதையும் சொல்லிவிட முடியாது. ஆயினும், அந்த ஆறு பேரும் பல்லாண்டுகள் சாதகம் செய்த தொழில்முறைக் கலைஞர்கள் என்பதை நான் குறித்து வைத்துக்கொண்டேன். கண்காணிப்பு ஓய்ந்தபோது அவர்கள் விரல்களில் எடுத்துக்கொள்ளச் சரக்கு இருந்தது.

எல்லா வெள்ளிக்கிழமையும் நன்றாக அமைந்துவிடவில்லை. ஆண்டு விழாவை ஒட்டி, மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, நடுவர்களை அமர்த்தி, பரிசும் அறிவித்து இதே விளையாட்டுகளைப் போட்டியாக நடத்தினேன். அது என் தவறு. பிள்ளைகள் தொலைக்காட்சி நகைச்சுவைகளை வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவந்து ஒப்பித்தார்கள். ஒரு குழு மற்றொரு குழுவின் மாணவியைக் கேலி செய்து கைதட்டு வாங்கியது. அவள் மூன்று வாரம் வட்டத்துக்குள் வரவில்லை. ஜான்ஸ்டனும் 1977-ல் தியேட்டர்ஸ்போர்ட்ஸ் என்ற போட்டி முறையைக் கால்கரியில் தொடங்கினார். ஆனால் அதில் பார்வையாளர்கள் நடுவர்களைக் கூச்சலிட்டு எதிர்க்கலாம். தோற்பது அங்கே பெரிய இழப்பு அன்று. நம் பள்ளிகளில் நடுவரை எதிர்த்து எந்தக் குழந்தையும் கூச்சலிடாது, தோல்வி வீடுவரை தொடர்ந்து வரும். அந்த ஆண்டோடு போட்டியை நிறுத்தினேன். அந்த மாணவியிடம் தனியாகப் பேசினேன். விளையாட வேண்டாம், சட்டி எவ்வளவு ஆழம் என்று பார்த்துச் சொல்பவளாக இரு என்றேன். குமிழியைக் கண்டு கத்தியவள் அவள்தான்.

பஞ்சர் ஒட்டி முடித்த மாணவன் அன்று மணி அடித்த பிறகும் போகாமல், புத்தகப் பையைத் தோளில் மாட்டியபடி மேசையருகே நின்றான். என்னப்பா என்று கேட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை லாரி டயர் செய்து காட்டலாமா என்று கேட்டான். தாராளமாகச் செய் என்றேன். அவன் அப்போதும் நகரவில்லை.

"அதுக்கு ஒரு ஆள் பத்தாதுங்கய்யா," என்றான். "ரெண்டு பேர் வேணும்."